ஏபி அமெரிக்க வரலாறு: எட்டுக் கிழமையில பிள்ளையை எப்பிடித் தயார்ப்படுத்துறது?

கொக்குவில் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். அண்ணாவின்ர மகள் நியூ ஜேர்சியில 11ஆம் வகுப்பு. மே மாதம் ஏபி அமெரிக்க வரலாறு, அதுதான் பள்ளிக்கூடத்தில படிக்கேக்கயே எழுதுற கல்லூரித் தரப் பரீட்சை, எடுக்கிறா. கிழமைக்கு மூண்டு நாள் சூமில சொல்லிக்குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். ஏ.எல். வரலாறு படிப்பிக்கிறதால பாடம் எனக்குப் புதுசில்லை. புரட்சி, உள்நாட்டுப் போர், நியூ டீல் எல்லாம் தெரியும். பரீட்சைதான் புதுசு.

பள்ளிக்கூடத்தில வைச்ச ஒரு சோதனைக் கட்டுரையை அனுப்பியிருக்கிறா. "1865 தொடக்கம் 1877 வரையான மறுசீரமைப்புக் காலம் ஆபிரிக்க அமெரிக்கரின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மாற்றியது?" எண்டு கேள்வி (உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கைத் திரும்ப நாட்டோட சேர்த்த காலம் அது), ஏழு ஆவணம் குடுத்திருக்கு. தகவலில ஒரு பிழையும் இல்லை. அடிமை ஒழிப்பு, குடியுரிமை, வாக்குரிமை பற்றின 13, 14, 15ஆம் அரசியலமைப்புத் திருத்தம் எல்லாம் ஆண்டோட எழுதியிருக்கிறா. கிடைச்சது ஏழுக்கு ரெண்டு. எங்கட விடைத்தாள் திருத்துற முறையில இதுக்கு நல்ல புள்ளி வந்திருக்கும்.

கேட்க வாறது மூண்டு விசயம். கட்டுரையில புள்ளி எங்க போகுது? எட்டுக் கிழமையை எப்பிடிப் பிரிக்கிறது? பல்தேர்வுக்கு என்ன மாதிரிப் பயிற்சி?


பனைநிழல்

ரீச்சர், ஏழுக்கு ரெண்டு எண்டால் பிள்ளைக்கு வரலாறு தெரியேல்லை எண்டு நினைக்காதேங்கோ. அங்க ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி வேலைக்கு. ஒரு வேலையை எவ்வளவு அழகாச் செய்தாலும் மற்ற வேலைக்குரிய புள்ளி வராது. ஆவணக் கட்டுரையின்ர, அதுதான் டிபிகியூவின்ர, ஏழு புள்ளியும் இப்பிடி:

மையவாதம், தீசிஸ் எண்டு சொல்லுறது, 1.
பின்னணி 1.
ஆவணங்களைச் சான்றாப் பாவிக்கிறதுக்கு 2. மூண்டு ஆவணத்தில என்ன இருக்கு எண்டு சரியாச் சொன்னால் ஒண்டு, குறைஞ்சது நாலு ஆவணத்தைத் தன்ர வாதத்தை நிறுவப் பாவிச்சால் ரெண்டு.
ஆவணத்தில இல்லாத வெளிச் சான்று 1.
ரெண்டு ஆவணத்துக்கு, ஆர், ஆருக்கு, ஏன், எந்த நேரத்தில எழுதினது எண்டு பார்த்து அது வாதத்துக்கு ஏன் முக்கியம் எண்டு விளக்கிறதுக்கு, அதுதான் மூல ஆய்வுக்கு, 1.
விடயத்தின்ர சிக்கலை உணர்ந்து எழுதுறதுக்கு 1.

உங்கட பிள்ளைக்கு வந்த ரெண்டும் பெரும்பாலும் பின்னணிக்கு ஒண்டு, ஆவணத்தை விபரிச்சதுக்கு ஒண்டு. "ஆவணம் 1 இல இப்பிடிச் சொல்லியிருக்கு, ஆவணம் 2 இல அப்பிடிச் சொல்லியிருக்கு" எண்டு வரிசையா எழுதினால் அந்த ஒண்டோட நிண்டுவிடும். நல்லாப் படிக்கிற பிள்ளையளுக்குத்தான் இது கூட நடக்கிறது, ஏனெண்டால் தெரிஞ்சதை எல்லாம் கொட்டிவிடவேணும் எண்ட பழக்கம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில கிடக்கிற பழைய புள்ளித்திட்டத்தில ஆறு ஆவணம் வேணும், மூண்டு ஆவணத்துக்கு மூல ஆய்வு வேணும் எண்டிருக்கும். 2024 மே பரீட்சையில இருந்து அது நாலும் ரெண்டுமா மாறியிட்டுது. 2015க்கு முந்திய தாள் எண்டால் பரீட்சையின்ர அமைப்பே வேற. வாசிக்கக் குடுங்கோ, ஆனால் நேரம் வைச்சுச் செய்ய அது சரிவராது. பரீட்சையை நடத்துற கொலிஜ் போர்ட்டின்ர தளத்திலயே ஒவ்வொரு வருசக் கேள்வியும் புள்ளித்திட்டமும் மாணவர் எழுதின மாதிரி விடையளும் இலவசமா இருக்கு. மாதிரி விடையளை முதல் நீங்கள் திருத்திப் பாருங்கோ, பிறகு அவை குடுத்த புள்ளியோட ஒப்பிடுங்கோ. நாலைஞ்சு திருத்தினால் கை பழகிவிடும்.

இனி அமைப்பு. மொத்தம் 3 மணித்தியாலம் 15 நிமிசம். பல்தேர்வு 55 கேள்வி, 55 நிமிசம், 40 வீதம். குறுவிடை மூண்டு, 40 நிமிசம், 20 வீதம். டிபிகியூ 60 நிமிசம், 25 வீதம். எல்ஈகியூ எண்டு சொல்லுற ஆவணமில்லாத நீண்ட கட்டுரை 40 நிமிசம், 15 வீதம். அந்த 60 நிமிசத்தில முதல் 15 வாசிக்க. கடைசி ரெண்டு கட்டுரைக்கும் சேர்த்துத்தான் 100 நிமிசம் ஓடும், இடையில ஆரும் மணி அடிக்க மாட்டினம். டிபிகியூவில 75 நிமிசம் இருந்தால் எல்ஈகியூவுக்கு 25தான் மிச்சம். அதில ஆறு புள்ளி கிடக்கு.


கொக்குவில் ரீச்சர்

மிக்க நன்றி பனைநிழல். நீங்கள் சொன்னது சரி, கட்டுரை முழுக்க "ஆவணம் இத்தனை" எண்டுதான் போகுது. அவவின்ர முதல் பந்தியின்ர கடைசி வசனத்தைத் தமிழில தாறன்: "மறுசீரமைப்புக் காலத்தில் பல மாற்றங்கள் நடந்தன, சில நல்லவை, சில நல்லவை அல்ல." இது தீசிஸ் ஆகாதா?


சங்குவேலி

ஆகாது ரீச்சர். அந்த வசனத்தில "மறுசீரமைப்பு" எண்ட சொல்லை எடுத்துப்போட்டு "கைத்தொழிற் புரட்சி" எண்டு வைச்சுப் பாருங்கோ, அப்பவும் பொருந்துது. எந்தக் காலத்துக்கும் பொருந்துற வசனம் வாதம் இல்லை. இந்தச் சோதனையை அவவுக்குச் சொல்லிக்குடுங்கோ, தானே பிடிச்சுக்கொள்ளுவா.

கேள்வி "எவ்வளவு தூரம்" எண்டு கேட்டால் விடையில அளவும் வேணும், காரணமும் வேணும். இப்பிடி:

"நிலம் குடுக்காமல் விட்டதால கறுப்பினத்தவர் பங்குப் பயிர்ச்செய்கைக் கடனில திரும்பச் சிக்கினாலும், 1877 இல கூட்டாட்சிப் படை தெற்கில காவலைக் கைவிட்டதோட வாக்குரிமை பறிபோகத் தொடங்கினாலும், 13, 14, 15ஆம் திருத்தங்கள் அடிமை நிலையைச் சட்டப்படி குடியுரிமையா மாத்தின. ஆகவே மாற்றம் சட்டத்தில ஆழம், வாழ்க்கையில குறுகினது."

பாருங்கோ, இந்த வசனத்துக்குள்ளயே மூண்டு பந்தி இருக்கு: நிலமும் கடனும், படையும் வாக்கும், திருத்தங்கள். இனி ஏழு ஆவணத்தையும் இந்த மூண்டு குவியலுக்குள்ள போடவேண்டியதுதான். ஒரு நிலக்காரர் போட்ட குத்தகை ஒப்பந்தம் இருந்தால் முதற் குவியல். கறுப்பின வாக்காளர் வரிசையில நிக்கிற படம் இருந்தால் ரெண்டாவது. பந்தியின்ர முதல் வசனம் எப்பவும் பிள்ளையின்ர வாதமா இருக்கவேணும், ஆவணம் வசனத்தின்ர நடுவில வரட்டும். "ஆவணம் 3 சொல்லுது" எண்டு பந்தி தொடங்கினால் அழிச்சுவிட்டு எழுதச் சொல்லுங்கோ.

தீசிஸ் முதற் பந்தியிலயோ முடிவிலயோ ஒரே இடத்தில இருக்கவேணும். பாதி அங்க, பாதி இங்க இருந்தால் புள்ளி தாறது கஷ்டம். முடிவிலயும் ஒருக்கால் வேற சொல்லில எழுதிவிடுறது நல்லது. எழுத எழுதத்தான் வாதம் தெளியும், முடிவில வாறது பலவேளை முதலாவதை விடத் திறம்.

வெளிச் சான்று பெயரோட இருக்கவேணும். "கறுப்பினத் தலைவர்கள் வந்தார்கள்" போதாது. "1870 இல மிசிசிப்பியில இருந்து ஹைரம் றெவல்ஸ் செனற்றுக்குப் போனார், வாக்குரிமை அதிகாரமா மாறின சிறு காலத்துக்கு இது அடையாளம்" எண்டால் புள்ளி. பின்னணியில பாவிச்ச அதே தகவலைத் திரும்ப வெளிச் சான்றாக் காட்டேலாது. 1863 அடிமை விடுதலைப் பிரகடனத்தைப் பின்னணியில எழுதினால் வெளிச் சான்றுக்கு வேறொண்டு தேடவேணும்.

சிக்கலுக்குரிய அந்த ஒரு புள்ளியை நினைச்சுத் தொடக்கத்திலயே பயப்பிட வேண்டாம். ஏழு ஆவணத்தையும் வாதத்துக்கு நல்லாப் பாவிச்சாலும் அது வரும், நாலு ஆவணத்துக்கு மூல ஆய்வு செய்தாலும் வரும். முதல் ஆறையும் எடுக்கப் பழகட்டும்.


மானிப்பாய் வீதி

மூல ஆய்விலதான் பிள்ளையள் கூடச் சறுக்கிறவை, அதை மட்டும் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன்.

"இவர் ஒரு அடிமை ஒழிப்பாளர், ஆகவே பக்கச்சார்பானவர்." இப்பிடி எழுதினால் ஒண்டும் கிடைக்காது. பக்கச்சார்பு எல்லாருக்கும் இருக்கு. அந்தச் சார்பு பேச்சை எப்பிடி வளைச்சுது, அது என்ர வாதத்துக்கு என்னத்தைக் காட்டுது எண்டதுதான் கேள்வி.

அடிமையா இருந்து தப்பி வந்த அடிமை ஒழிப்பாளர் பிரடெரிக் டக்ளஸ் 1852 யூலை 5 ரோச்செஸ்ரரில பேசினதை எடுங்கோ. கூட்டத்தை வைச்சது அங்கத்தைய பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கம். கேட்டுக்கொண்டிருந்தவை ஏற்கெனவே அடிமை முறைக்கு எதிரானவை, அவைக்கு "அடிமை முறை பிழை" எண்டு நிறுவத் தேவையில்லை. பிறகேன் அவ்வளவு கோபம்? ரெண்டு வருசத்துக்கு முதல், 1850 இல, தப்பியோடின அடிமைகளைப் பிடிக்கிற சட்டம் வந்திட்டுது. வடக்கில இருக்கிற ஆக்களும் பிடிச்சுக்குடுக்க உதவவேணும் எண்டது அந்தச் சட்டம். ஆகவே அந்தக் கோபம் தெற்குக்கு மட்டுமில்லை, சுதந்திர நாளைக் கொண்டாடிக்கொண்டு சட்டத்துக்கும் உடந்தையா இருக்கிற முழு நாட்டுக்கும். பிள்ளையின்ர கட்டுரை 1850களில பிளவு ஏன் கூடினது எண்டதைப் பற்றியதெண்டால், "1850 சட்டம் அடிமைப் பிரச்சினையை வடக்கின்ர வாசலுக்கே கொண்டுவந்திட்டுது எண்டதுக்கு இந்தப் பேச்சின்ர தொனியே சாட்சி" எண்டு முடிக்கலாம். அந்தக் கடைசித் துண்டைத்தான் எல்லாரும் விடுறவை. ஆர், ஆருக்கு எண்டு எழுதிவிட்டு நிப்பாட்டினால் அரைவாசி வேலைதான்.

உங்களுக்கு இது புதுசில்லை ரீச்சர். 1931 இல யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிச்சதைப் படிப்பிக்கேக்க, பிரித்தானியர் கொண்டுவந்த அந்த டொனமூர் அரசியல் சீர்திருத்தம் சர்வசன வாக்குரிமையும் தந்ததே, பிறகேன் மறுத்தவை எண்டு கேட்பியளெல்லோ? முழுச் சுயராச்சியம் கேட்டவைக்கு அது போதேல்லை. அதே கேள்வியை ஒவ்வொரு ஆவணத்திட்டையும் கேட்கப் பழக்குங்கோ.


சுழிபுரம் கிழக்கு

பல்தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தியள். எங்கட தாள் மாதிரி "எந்த ஆண்டு", "ஆர் தலைவர்" எண்டு நேரடியாக் கேட்க மாட்டினம். ஒரு பத்தியோ, படமோ, வரைபடமோ தந்து அதுக்குக் கீழ மூண்டு நாலு கேள்வி. நாலு விடைத் தெரிவு, பிழைக்குப் புள்ளி கழிக்கிறதில்லை, ஆகவே ஒண்டையும் வெறுமையா விடக்கூடாது. வாசிக்கிற நேரத்தோட சேர்த்துக் கேள்விக்கு ஒரு நிமிசம்.

பத்தியை வாசிக்க முதல் அதோட தந்திருக்கிற பெயர், ஆண்டு வரியை வாசிக்கவேணும். ஆண்டைப் பார்த்த உடன பிள்ளையின்ர தலையில அந்தக் காலம் திறக்கவேணும். 1892 இல மக்கள் கட்சி ஓமஹாவில வெளியிட்ட கொள்கை அறிக்கையில இருந்து ஒரு துண்டு எண்டு வைப்பம். 1892 எண்டால் பருத்தி, கோதுமை விலை வீழ்ச்சி, ரயில் கம்பனிக் கட்டணம், வெள்ளி நாணயக் கோரிக்கை, கடன்பட்ட விவசாயி. அடுத்த கேள்வி "இந்தக் கோரிக்கைகளில் எது பிற்காலத்தில் நிறைவேறியது?" எண்டு வரும். படிப்படியாக் கூடுற வருமான வரியும், செனற்றரை மக்கள் நேரடியாத் தெரியிறதும் அந்த அறிக்கையில இருந்தவை. 16ஆம், 17ஆம் திருத்தமா ரெண்டும் 1913 இல வந்திட்டுது. அரசாங்கம் ரயில் பாதையைச் சொந்தமாக்கவேணும் எண்டதும் இருந்தது, அது அப்பிடி நடக்கேல்லை. பிழையான தெரிவுகள் வெறும் பொய்யா இருக்காது, வேற காலத்துக்கு உண்மையா இருக்கும். அதாலதான் காலப்பிரிவு முக்கியம்.

ஒரு தாள் செய்து முடிஞ்சால் பிழை விட்ட கேள்வியளை மூண்டு வகையாக் குறிக்கச் சொல்லுங்கோ: காலம் மாறினது, பத்தியைப் பிழையா விளங்கினது, விசயமே தெரியாதது. மூண்டாவதுக்கு மட்டும்தான் புத்தகத்துக்குத் திரும்பவேணும்.

வழக்கமா மாறிப்போறவை: 1620 இல பிளிமத்துக்கு வந்தவையும் 1630 இல மசச்சூசெற்ஸ் குடாவுக்கு வந்த பியூரிற்றன்களும் ஒண்டெண்டு நினைக்கிறது. 1730, 40களின்ர முதலாம் சமய எழுச்சியையும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின்ர ரெண்டாவதையும் குழப்புறது. விடுதலைப் பிரகடனம் எல்லா அடிமையளையும் விடுவிச்சுது எண்டு எழுதுறது (கிளர்ச்சியில இருந்த பகுதியளுக்கு மட்டும்தான் அது, முழு நாட்டுக்கும் 1865 இன்ர 13ஆம் திருத்தம்). 1919, 20 இன்ர சிவப்புப் பயத்தையும் (கம்யூனிஸ்ற் பயம்) 1950களின்ர மக்கார்த்தி காலத்தையும் சேர்க்கிறது. இலங்கையில இருந்து படிப்பிக்கிற எங்களுக்கு இன்னொண்டு: 1773 இல பொஸ்ரன் துறைமுகத்தில கொட்டினது சீனத் தேயிலை. எங்கட மலைநாட்டில வியாபாரத்துக்குத் தேயிலை நட்டது 1867 இலதான். விலை ஏறினதாலதான் கொட்டினவை எண்டும் சொல்லக்கூடாது. 1773 இன்ர தேயிலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பனித் தேயிலையின்ர விலையைக் குறைச்சுது. எதிர்ப்பு, சம்மதமில்லாத வரிக்கும் கம்பனிக்குக் குடுத்த தனியுரிமைக்கும்.


சங்குவேலி

ரெண்டாம் சமய எழுச்சியைச் சொன்னபடியால் ஒண்டு சேர்க்கிறன். பிள்ளைக்கு அது வெறும் தலைப்பாக் கிடக்காமல் இருக்க எங்கட ஊரைக் காட்டலாம். 1810 இல நியூ இங்கிலாந்தில தொடங்கின அமெரிக்க மிசன் சபை அந்த எழுச்சியில பிறந்தது. அந்தச் சபையின்ர ஆக்கள்தான் 1816 இல தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தவை. 1823 இல வட்டுக்கோட்டை செமினறி, 1824 இல உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. "மனிசன் தன்னையும் சமூகத்தையும் திருத்தலாம்" எண்ட அந்த நம்பிக்கை அங்க மதுவிலக்கு, அடிமை ஒழிப்பு, 1848 செனெக்கா போல்ஸ் பெண்ணுரிமை மாநாடு எண்டு போனது. இஞ்ச பள்ளிக்கூடமாயும் அச்சகமாயும் வந்தது. அம்மம்மாவின்ர பள்ளிக்கூடத்தோட சேர்ந்த விசயம் மறக்காது. விடையில எழுதேக்க மட்டும் மதுவிலக்கு, செனெக்கா போல்ஸ் எண்டு அந்த நாட்டுச் சான்றையே எழுதட்டும்.


பனைநிழல்

எட்டுக் கிழமைத் திட்டம் விடுபட்டுப்போச்சு.

பாடத்தில ஒன்பது அலகு. 1ஆவது 1491 தொடக்கம் 1607, பல்தேர்வில 4 தொடக்கம் 6 வீதம். 2ஆவது 1754 வரை, 6 தொடக்கம் 8. கடைசி, 1980க்குப் பிறகு, 4 தொடக்கம் 6. நடுவில இருக்கிற ஆறு அலகும் ஒவ்வொண்டும் 10 தொடக்கம் 17 வீதம். டிபிகியூவும் முதல் ரெண்டு குறுவிடையும் 1754 தொடக்கம் 1980க்குள்ளதான் வரும். ஆகவே கொலம்பஸில தொடங்கி ஆறுதலா வந்து, கடைசியில பனிப்போரை ஓட்டமா முடிக்கிறது பெரிய நட்டம்.

முதற் கிழமையில 1, 2 அலகை ரெண்டு வகுப்பில முடியுங்கோ, மூண்டாவது வகுப்பு குறுவிடைக்கு. பிறகு கிழமைக்கு ஒரு அலகு. ஒரு நாள் பாடம், 40 நிமிசத்துக்கு மேல வேண்டாம். ஒரு நாள் மூலங்களும் பல்தேர்வும். ஒரு நாள் எழுத்து, நேரம் வைச்சு. ஆறாம் கிழமை முடிவில முழுத் தாள், ஒரே இருப்பில. அதைக் கடைசிக் கிழமைக்கு விட்டால் கண்ட பிழையைத் திருத்த நாள் இருக்காது. ஒன்பதாம் அலகு எட்டாம் கிழமையில ஒரு வகுப்பு போதும்.

குறுவிடைக்குத் தீசிஸ் தேவையில்லை. ஏ, பி, சி மூண்டுக்கும் தனித்தனியா ரெண்டு மூண்டு வசனம்: நேரடி விடை, பெயர் சொல்லி ஒரு சான்று, அந்தச் சான்று ஏன் விடையாகுது. "1854 கன்சாஸ் நெப்ராஸ்கா சட்டம் பிளவைக் கூட்டியது" எண்டு நிப்பாட்டினால் குறை. "1820 மிசூரி உடன்பாடு 36 பாகை 30 கலைக் கோட்டுக்கு வடக்கில அடிமை முறையைத் தடை செய்ததை, அங்க வாழுறவையே வாக்களிச்சுத் தீர்மானிக்கலாம் எண்டு இந்தச் சட்டம் திறந்துவிட்டது, ரெண்டு பக்கமும் ஆக்களை அனுப்பிக் கன்சாஸில மோதினவை" எண்டால் முழுசு. மூண்டாவது குறுவிடைக்குத் தெரிவு இருக்கு: 1877க்கு முந்தினது, அல்லது 1865க்குப் பிந்தினது.

2025 இல இருந்து பரீட்சை முழுக்கக் கணினியில, புளூபுக் எண்ட செயலியில. கையால எழுதிப் பழகின பிள்ளையெண்டால் கட்டுரையள் எல்லாம் ரைப் பண்ணிச் செய்யட்டும், எழுத்துப்பிழை திருத்துற வசதியை நிப்பாட்டிவிட்டு. ஆவணங்களைக் குவியலாப் பிரிக்கிற குறிப்பை மட்டும் தாளில போடலாம்.

நேரத்தையும் கவனியுங்கோ. மார்ச் ரெண்டாம் ஞாயிறு அவை மணிக்கூட்டை மாத்துவினம். அதுக்குப் பிறகு அவவின்ர இரவு 9 மணி எங்கட விடிய 6:30, அதுக்கு முதல் 7:30. பள்ளிக்கூடம் போற உங்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் பெரிசு.


கொக்குவில் ரீச்சர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அதே கேள்விக்குத் திரும்ப ஒரு தீசிஸ் எழுதச் சொன்னன். அவ அனுப்பினது: "திருத்தங்கள் கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை தந்தபோதும், நிலம் இல்லாததால் அவர்கள் பழைய முதலாளிகளிலேயே தங்கியிருந்தனர்." இது சரியோ? மற்றது, எல்ஈகியூவில மூண்டில எதைத் தெரியிறது எண்டு எப்பிடிச் சொல்லுறது?


சங்குவேலி

இது தீசிஸ்தான் ரீச்சர், புள்ளி வரும். "எவ்வளவு தூரம்" எண்டதுக்கு அளவு சொல்லுற சின்னத் துண்டொண்டு சேர்த்தால் இன்னும் உறுதி. அரசியல் பக்கத்தையும், 1877ஐயும், கொண்டுவந்தால் மூண்டாவது பந்தி தானா வரும்.

எல்ஈகியூ மூண்டும் ஒரே மாதிரிக் கேள்வி, காலம் மட்டும் வேற: 1491 தொடக்கம் 1800, 1800 தொடக்கம் 1898, 1890 தொடக்கம் 2001. பிடிச்ச காலத்தைத் தெரியக்கூடாது. மூண்டுக்கும் நேரே பெயருள்ள சான்று நாலு நாலு எழுதிப் பார்க்கட்டும், ரெண்டு நிமிசம். எதுக்கு நாலும் முதல் வருதோ அதை எடுக்கட்டும். நாலில ரெண்டு கேள்வியின்ர ஆண்டுக்கு வெளியில போனால் அடுத்ததுக்கு மாறச் சொல்லுங்கோ.